பங்கு பிரிக்காத வீடு

நவம்பர் 12, செவ்வாய்

அண்ணை இறந்து ஒரு மாதமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டது. இன்று அண்ணியைச் சட்டத்தரணியிடம் கூட்டிப்போனேன்.

இந்த நாட்டுக்கு வந்தபின், நாங்கள் எல்லோரும் இருக்கும் சட்டன் ஊர் வீட்டை அண்ணையும் நானும் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று அன்று பத்திரம் எழுதியவர் கேட்டபோது அண்ணை சிரித்தார். "அண்ணன் தம்பிக்குள்ள என்ன பங்கு? ரெண்டு பேருக்கும் ஒண்டா எழுதுங்கோ."

இன்று சட்டத்தரணி விளக்கினார்: இந்த நாட்டுச் சட்டப்படி அப்படி எழுதினால், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குத்தானாம். மனைவி பிள்ளைகளுக்கு ஒன்றும் போகாதாம். உயில் இருந்தாலும் செல்லாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி கேட்டார்: "தம்பி, நானும் பிள்ளையளும் மேல் அறையிலயே இருக்கலாம்தானே?"

பத்து வருடமாக அந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டவர். "அது உங்கட வீடு அண்ணி" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம், இருங்கோ" என்றேன்.