பழசாக்கிய கார்டு

கண்ணு,

உன் கம்ப்யூட்டர் ஓடுகிறதா? கேபினட், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக நீயே சேர்த்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டை மட்டும்தான் என்னிடம் கேட்டாய். இறக்குமதி வரியால் அங்கே அது யானை விலை, குதிரை விலை.

இங்கே பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் தச்சர் லீவில் ஊருக்குப் புறப்பட்டார். "புதுசுன்னு தெரிஞ்சா ஏர்போர்ட்ல வரியப் போட்டுடுவாங்கண்ணே. பழசாக்கிக் குடுங்க" என்றார். பெட்டியைக் கிழித்தேன். கார்டின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை உரித்தேன். விசிறிகளில் மரத்தூளைத் தடவினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதே எனக்கு.

நீ போனில், "வந்துடுச்சுப்பா. அந்த வீட்டுத் தம்பி யூஸ் பண்ணதா? பரவாயில்ல" என்றாய்.

சித்தி பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் "ம்" என்றேன்.

அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. பரீட்சை நேரம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். தம்பி இன்னமும் என் போனில்தான் விளையாடுகிறான். அவனுக்கென்று கம்ப்யூட்டர் கிடையாது. உனக்கு வாங்கியது அவனுக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தைக்கூடப் பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உரித்த தாளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரே ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும், உரித்தபோது பதிந்த என்னுடையது. உன் கைக்கு வரும்வரை அந்தக் கார்டை வேறு யாரும் வைத்து விளையாடவில்லை, கண்ணு.

அப்பா