காய் விட்டவர்களுக்கு நடுவில்

வியாழன், ராத்திரி

ஆறாம் வகுப்பில் இன்று மாவட்ட வரைபடம். மூன்று பேருக்கு ஒரு சார்ட். அபிநயாவும் ஷாலினியும் நேற்றே காய் விட்டிருக்கிறார்கள். அது தெரியாமல் ஒரே குழுவில் போட்டுத் தொலைத்தேன். கூட, வாயே திறக்காத தேன்மொழி.

"சிதம்பரத்த இன்னும் கீழ வைக்கச் சொல்லுடி அவள."

"அங்க கொள்ளிடம் வருது, முடியாதுன்னு சொல்லு."

பீரியட் முழுக்க இருவருக்கும் சேதி சொன்னது தேன்மொழிதான். கடைசியில் அவளே அதட்டினாள்: "ரெண்டு பேரு சொல்றதும் தப்பு. ஸ்கேல எடுங்கடி!"

பள்ளி திறந்ததிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

மணி அடித்ததும் இரண்டையும் பழம் விடச் சொல்லப் போனேன். தேன்மொழி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு விடட்டும் மிஸ். இன்னும் கலர் அடிக்கல."