இரண்டாம் பிடிலின் பாகம்

என் அருமை மாப்பிள்ளை அந்தோணிக்கு,

நேற்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெரியாற்று வாய்க்கால் கரையில் இரண்டு முறை நடந்துவிட்டு, வந்ததும் வராததுமாக இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். மற்றவர்கள் படிக்கட்டும். என் யோக்கியதை நாலு பேருக்குத் தெரியட்டும்.

நம் சங்கீதம் ஊர் ஊராகப் போகிறது. உத்தமபாளையத்து வக்கீல் வீட்டில் முதலில் வாசித்த பிறகு கம்பத்தில் ஒரு முறை, அல்லிநகரத்தில் பருத்தி வியாபாரி வீட்டு மாடியில் ஒரு முறை. இரண்டு பிடில், ஒரு கிளாரினெட், ஒரு ஆர்மோனியம். பாட்டும் கிடையாது, மத்தளமும் கிடையாது. ஓர் அறைக்குள் அடக்கி வாசிக்க என்றே நான் எழுதியது. அல்லிநகரத்தில் ஒருவர், "பாடுறவுக எப்ப வருவாக?" என்று கேட்டுவிட்டுக் கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் சிரித்தே கச்சேரியைக் கெடுத்திருப்பாய்.

உன் இரண்டாம் பிடில் பாகத்தை இப்போது ஆர்மோனியக்காரர் வலது கையால் சேர்த்து வாசிக்கிறார். சுரமெல்லாம் சரிதான். ஆனால் மூன்றாம் பகுதியில் நான் தாளத்தை விட்டு முந்தி ஓடுகிறேன், மாப்பிள்ளை. வில்லை அழுத்தி என்னை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. கம்பத்தில் நான் முடித்துவிட்டேன், கிளாரினெட் இன்னும் வந்துகொண்டிருந்தது. என்ன மானக்கேடு.

முதல் கச்சேரிக்கு உன்னை வரவேண்டாம் என்று சொன்னவன் நான். "மெதுவா வாசிக்கிற எடத்துல நீ இருமுனா எல்லாம் போச்சு மாப்ள. இந்த ஒரு தடவை வீட்ல இரு" என்றேன். மாதக்கணக்கில் என்னோடு ஒத்திகை பார்த்தவன் நீ. "சரி மச்சான்" என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் இருந்தாய். என்மேல் கோபமா? மன்னித்தாயா? அந்த மூன்று வாரமும் உன் கட்டிலருகே உட்கார்ந்து மழை, நடவு என்று ஊர்க்கதையெல்லாம் பேசினேன். இதைக் கேட்க மட்டும் எனக்குத் துப்பில்லை.

நேற்று என் தங்கையிடம், உன் மனைவியிடம், கேட்டுவிட்டேன். லூர்து பயறு புடைத்துக்கொண்டே பேசினாள்.

"கோவமெல்லாம் இல்லண்ணே. அஞ்சு மணிக்கு ஆரம்பம்னு சொல்லியிருந்தீகள்ல? கோயில் மணி அஞ்சு அடிக்கவும் பிடில எடுத்தாக. அவுக பாகத்த மட்டும் வாசிச்சாக. நடுவுல நிப்பாட்டி, 'இங்கன மச்சான் தனியா வாசிப்பாரு, பொறு'ன்னாக. இருமல் வந்தப்பத் துண்டக் கடிச்சுக்கிட்டாக. முடிச்சதும், 'நல்லாப் போச்சு லூர்து, மச்சான் இன்னிக்கி ஓடல'ன்னு சொல்லிட்டுப் படுத்தாக."

அன்று வக்கீல் யாரோ ஒரு துரையை அழைத்திருந்தார். அவருக்காக நாங்கள் காத்திருந்தோம். ஆறு மணிக்குத்தான் ஆரம்பித்தோம். நீ வாசித்து முடித்துப் படுத்தபோது நாங்கள் சுதிகூடச் சேர்த்திருக்கவில்லை, மாப்பிள்ளை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். வர முடியாது என்று ஆள் அனுப்பிவிட்டேன். அன்று உன் வீட்டில்தான் வாசிக்கிறோம். ஐந்து அடித்ததும் தொடங்குவேன், எந்தத் துரைக்காகவும் காத்திருக்க மாட்டேன். இருமுகிறவர்கள் முன்னால் வந்து உட்காரட்டும். இது சத்தியம்.

உன்னை வீட்டில் இருக்கச் சொன்ன,
உன் மச்சான் சவரிமுத்து.