பனிக்காலத்தில் ஓர் இடைச்செருகல்

1986 ஜூலை 9

மழை விடுகிற வழியாக இல்லை. கந்தம்மாள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பரமுவின் சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் புகை நாற்றம். கேட்டால், "புகை பட்டா பூச்சி அண்டாதுங்கம்மா" என்கிறாள். வேலைக்காரியிடம் வாதாடி நான் ஜெயித்ததே இல்லை.

இன்று பரமுவின் வலது கை ஸ்பூனைப் பிடிக்கவில்லை. இடது கையால் சாப்பிட்டான். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நாற்பத்தொரு வயது மகன் தாய் முன்னால் சோற்றைச் சிந்துவது அவனுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

தசை நோய் வந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறான். முதலில் கால்கள். இப்போது விரல்கள். அங்கே பௌதிகம் நடத்தும் சேனாதிபதி, பள்ளி ஒதுக்கிவைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இவன் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து அதில் விளையாட்டு எழுதுகிறான். இவன் தகப்பனார் காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்தவர்; பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

1986 ஜூலை 14

என்ன எழுதுகிறான் என்று இன்றுதான் கேட்டேன்.

மலைக் கணவாயில் ஒரு கோட்டை வாயில். அதைக் காக்கும் ஒருவன். விளையாடுகிறவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு — வீரன், மந்திரக்காரி, திருடன் — அந்தக் காவலனோடு சேர்ந்து பயணம் போகிறார்கள். படம் கிடையாது. ஆங்கிலத்தில் வரிகள் வருகின்றன, அடுத்து என்ன செய்கிறாய் என்று கேட்கின்றன. தட்டினால் பதில் வருகிறது. முதற்பனி விழுந்து வாயில் அடைபடுவதோடு முதல் பாகம் முடிகிறது. பனி உருகியதும் இரண்டாம் பாகம்; அதன் முடிவில் விஷ அம்பு பட்டுக் காவலன் சாகிறான். இரண்டும் போன வருடமே பள்ளி ஹாஸ்டல் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன.

முடிந்த கதைக்கு இன்னும் என்ன எழுதுகிறாய் என்றேன். எக்ஸ்பான்ஷனாம். இரண்டு பாகங்களுக்கும் நடுவே அந்தப் பனிக்காலத்தில் நடந்தவற்றைப் புது ஃபிளாப்பித் தட்டுகளில் எழுதிச் சேர்க்கிறானாம். தமிழில் அதற்கு இடைச்செருகல் என்று பெயர், மரியாதையான பெயர் அல்ல என்றேன். சிரித்தான்.

திரையில் இருந்த ஆங்கிலத்தில் இரண்டு பிழை. காட்டினேன்.

1986 ஜூலை 22

இன்று முதல் அவன் சொல்கிறான், நான் தட்டுகிறேன். கான்வென்டில் சிஸ்டர் ஸ்கேலை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்த டைப்ரைட்டிங் இந்த வயதில் வேலைக்கு ஆகிறது. ஒரு காற்புள்ளி தவறினாலும் இயந்திரம் ஏற்பதில்லை. அதனிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

1986 ஆகஸ்ட் 3

மத்தியான வேலை முழுவதும் வீண். என்னால்தான், ஆனாலும் நான் செய்தது சரி.

புதுக் கதையில், பனிக்குகைத் துறவி ஒருவர் காவலனுக்கு எதிரியின் பெயரைச் சொல்லிவிடுகிறார். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் அதே காவலன் அதே எதிரியைப் பார்த்து "யார் இவன்?" என்று கேட்கிறானே, எப்படி என்றேன். பரமு அந்த வரிகளைத் திரையில் மறுபடி படித்தான். பிறகு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னான்.

"நடுவுல நுழையிற கதைக்கு ஒரே சட்டம்தாம்மா. உள்ள என்ன வேணா நடக்கலாம். வெளிய வரும்போது, பின்னால வர்ற கதைக்குத் தெரியாத எதுவும் அவன் மனசுல இருக்கக் கூடாது. அது ஏற்கெனவே எழுதியாச்சு. பசங்க கையில இருக்கு."

ஒழுங்கான சட்டம். கதை எழுதுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

1986 ஆகஸ்ட் 17

சர்ச்சில் பூசை முடிந்ததும் சேனாதிபதி வந்தார். அவருக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. பாதிக் காப்பி வரைக்கும் பேரிக்காய் விலையைப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "ஹாஸ்டல்ல ஒருத்தன் துக்கம் காக்கிற மாதிரி மெஸ் பக்கமே வர மாட்டேங்கான். காவலன எழுப்பித் தரணும்னு எங்கிட்ட மனு குடுக்கானுக. நான் என்ன கலெக்டரா?"

சிரித்துவிட்டேன். பரமு சிரிக்கவில்லை. "செத்தவன் எந்திரிச்சா, அவங்க அழுதது பொய்யாயிரும் சார்" என்றான்.

அது என் மகன் பேச்சு. விற்பனைக்காகச் செத்தவர்களை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவன் அப்படி இல்லை.

1986 செப்டம்பர் 11

மதுரை. டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அடுத்தது கழுத்து, பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. கிறிஸ்துமஸ் பார்க்கலாம், ஈஸ்டரைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னால் பாரம் குறைந்துவிடுமா?

திரும்பும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியருகே டிரைவர் காரை நிறுத்தி டீ குடிக்கப் போனான். டாக்டர் என்ன சொன்னார் என்று பரமு கேட்டான். அதே மருந்துதான் என்றேன்.

"சரிம்மா" என்றான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

1986 செப்டம்பர் 12

தட்டவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

1986 செப்டம்பர் 20

கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அந்தக் காவலன எழுப்பிரு, பரமு. உன் கையிலதான இருக்கு? மூணாம் பாகம்னு ஒண்ணு எழுது. ஒரு வரி போதும் — மூச்சு வந்துச்சுன்னு எழுதிரு."

"நீங்களா இதக் கேக்குறீங்க?"

நான்தான் கேட்டேன். காற்புள்ளிக்குச் சண்டை போடுகிற நான்.

அவன் வெகுநேரம் என்னைப் பார்த்தான். "பனிக்காலத்துல எவ்வளவு வேணா இடம் கெடக்கும்மா. இன்னொரு குகை வைப்போம், ஒரு கிராமம் வைப்போம். அதுக்கு அப்புறம் இடம் இல்ல."

அவனுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. என் முகத்தில் படித்திருப்பான், அல்லது அதற்கு முன்பே. நான் ஒன்றும் தெரியாதவள் போல் நடந்துகொண்டு இவ்வளவு நாளும் யாரை ஏமாற்றினேன்?

1986 அக்டோபர் 5

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கந்தம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள்.

குகையில் வாள், விளக்கு, கம்பளி வைக்கிற வரிகள் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். அதே அமைப்பில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன். துறவியின் படுக்கைக் கல்லின் கீழே ஒரு கசப்பு வேர். எந்த விஷத்தையும் முறிக்கும் என்று விவரத்தில் எழுதினேன். பனிக்காலத்தில் கிடைக்கும் பொருள்களைப் பிள்ளைகள் இரண்டாம் பாகத்துக்குக் கொண்டு போகலாம். அது எனக்குத் தெரியும். காவலன் மனதில் எதையும் வைக்கவில்லையே, பையில்தானே வைத்தேன்?

இயந்திரம் ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் சேனாதிபதி வந்து தட்டை வாங்கிப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

1986 நவம்பர் 2

கல்லறைத் திருநாள். பரமுவின் தகப்பனார் கல்லறையில் மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. பக்கத்து இடத்தை எனக்கென்று வாங்கி வைத்திருந்தேன்.

1986 நவம்பர் 16

சேனாதிபதி வந்தார். இன்று பேரிக்காய்ப் பேச்சு இல்லை.

பிள்ளைகள் வேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எதற்கு என்று உடனே புரிந்துவிட்டது அவர்களுக்கு. பனிக்காலம் முழுக்க ஒருவரும் அதைச் செலவு செய்யவில்லை. ஒருவன் தன் வீரனுக்குப் பாம்பு தீண்டியபோதுகூட அதை எடுக்காமல் அவனைச் சாகவிட்டானாம். இரண்டாம் பாகத்தை மறுபடி முதலிலிருந்து விளையாடி, அம்பு விழுகிற இடம் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஹாஸ்டலே அந்த அறையில் நின்றிருக்கிறது.

வேரைக் கொடு என்று தட்டினார்கள். புரியவில்லை என்று பதில் வந்தது. அரைத்துப் பூசு. புரியவில்லை. வாயில் வை. புரியவில்லை. இரண்டாம் பாகம் வாளை அறியும், விளக்கை அறியும். அது எழுதப்பட்டபோது அந்த வேர் இல்லை. வேர் பையில் இருக்க, காவலன் செத்தான். முன்பு செத்த அதே வரியில்.

"தட்டித் தட்டிப் பாத்தானுக அம்மா. இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தையெல்லாம் தட்டிட்டானுக" என்றார். பிறகு என் பக்கம் பார்க்காமல் எழுந்து போனார்.

பரமுவுக்கு இப்போது தலை நிற்பதில்லை, தலையணை வைத்திருக்கிறேன். "நீங்களா?" என்று கேட்டான்.

ஆமா என்றேன்.

கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முன்னாடியே எழுதினதுக்குள்ள அத அனுப்ப முடியாதும்மா" என்றான், கணக்கு தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல, மெதுவாக.

அந்த வரியை எடுத்துவிடவா என்றேன்.

"வேணாம். இருக்கட்டும்."

சமையலறைக்கு வந்தேன். கந்தம்மாள் எங்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "விளையாட்டுல செத்தவனுக்கா இப்படி அழுவுறீங்க?" என்றாள்.

ஆமா என்றேன்.

1986 டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. டாக்டர் கெட்டிக்காரர்.

அவன் பேச்சு இப்போது எனக்கு மட்டும்தான் விளங்குகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு காப்பி ஆறிப்போகிறது. இன்று பனியில் ஒரு கிராமம். அங்கே ஒரு கிழவி காவலனைத் தூங்கச் சொல்லிவிட்டு வாயிலைத் தானே காக்கிறாள். கிழவி எதற்கு என்றேன். அடுத்த வரியைச் சொன்னான். அவளுடைய பேச்சில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

பாடற்குழு வெளியே வந்து பாடியது. கதவைத் திறக்கவில்லை.

1987 ஜனவரி 19

விடியற்காலையில் போய்விட்டான். நான் கையைப் பிடித்திருந்தேன். அது முன்பே அசைவற்றுப்போன கை.

1987 பிப்ரவரி 8

எல்லோரும் நல்ல இடத்துக்குப் போயிருக்கிறான் என்கிறார்கள். அவன் இருந்த இடத்துக்கு என்ன குறை?

1987 மார்ச் 4

கம்ப்யூட்டரைச் சேனாதிபதியிடம் திருப்பிக் கொடுத்தேன். மேசை மட்டும் கிடக்கிறது. அதைத் துடைக்க வேண்டாம் என்று கந்தம்மாளிடம் சொன்னேன், பிறகு துடைக்கச் சொன்னேன்.

1987 ஜூலை 12

விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்களாம். சேனாதிபதி சொன்னார். அவர்களே மூன்றாம் பாகம் எழுதப்போகிறார்கள். அதில் காவலன் எழுந்து வருகிறான். பரமானந்தம் சாருக்கு மரியாதையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். என் சம்மதம் இல்லாமல் தொட மாட்டார்களாம்.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா" என்றார்.

இதே வார்த்தைக்காக நான் கெஞ்சியது அவருக்குத் தெரியாது. இன்று அது என் வாயில் இருந்தது. வேண்டாம் என்றேன். முடிவு முடிவுதான், அதற்கு அப்புறம் யாரும் எதுவும் எழுதக் கூடாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்தார்.

கேட் வரைக்கும் போனவரைக் கூப்பிட்டேன். பனிக்காலத் தட்டில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். நிறைய இருக்கிறது என்றார்.

நாளைக்கு இயந்திரத்தைக் கொண்டுவருகிறார்.