கடைப் பலகை ஏழு

பிப். 3, செவ்வாய்
காலையில் பனி. எதிர்க்கடை மரைக்காயர் (இனி ம.) வீட்டுக்குள் வந்தார். படகுக் கயிறு விற்பவர். இத்தனை வருஷத்தில் இது இரண்டாம் முறை. கையில் தடித்த அட்டைத் தொகுப்பு. இசைத்தட்டு 3, பக்கம் 6. சைகோனில் இருக்கும் மகன் காசிம் சொந்தச் செலவில் பதிவு செய்து அனுப்பியது. அவனே கட்டிய தமிழ்ப் பாட்டு, அவனே வாசிக்கும் கித்தார். வேறு வாத்தியம் கிடையாது.

"நம்ம வீட்டுல பாட்டுப் பழக்கமே இல்லைங்க. பாட்டுப் பொட்டியும் இல்ல. நீங்க கோர்ட்டுல எழுத்து வேலை பாத்தவங்க. கேட்டு எழுதிக் குடுங்க. தேறுவானா, இல்ல கடைக்குக் கூப்பிட்டுக்கவா? ஞாயித்துக்கிழமை கப்பல்ல கடுதாசி போவணும்."

சரி என்றுவிட்டேன். எனக்குச் சங்கீதம் பற்றி என்ன தெரியும்?

வாங்க: ஊசி ஒரு டப்பி. கிராமபோனின் ஒரு கால் தேய்ந்து ஆடுகிறது; அடியில் வைக்க அட்டை.

4, புதன்
ஆறு பக்கமும் கேட்டேன். பக்கத்துக்கு ஒரு புது ஊசி.
1: குரல் மெலிவு. ராகம் பிடிபடவில்லை.
2: மேலே போனால் உடைகிறது.
3: நீளம்.
4: உப்பளம் பற்றி. சுமார். மிருதங்கம் இல்லாமல் இலை போட்டுச் சோறு போடாதது போல.

மனைவி: "ஏங்க, அந்தப் புள்ள தொண்டையைச் சரி பண்ணிட்டுப் பாடியிருக்கலாம்ல?"

5: வாப்பா (ம.) காலையில் கடை திறப்பது. கழற்றி எடுக்கும் கதவுப் பலகை ஏழு, ஒவ்வொன்றுக்கும் கித்தாரின் தடித்த கம்பியில் ஒரு தட்டல். நான்காம் பலகைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ம. தினமும் இருமுவார். கித்தாரும் அங்கே நிற்கிறது. இருமலைப் பாடவில்லை, இடம் மட்டும் விட்டிருக்கிறான்.

மனைவி முறத்தோடு அப்படியே நின்றாள். "எதிர்க்கடை சத்தமில்ல இது?"

முப்பது வருஷமாக இந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. ஆறாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று நினைவில்லை. மறுபடி கேட்க வேண்டும்.

5, வியாழன்
அறிக்கை எழுதினேன். கோர்ட்டுப் பழக்கம்: குறைகள் வரிசை எண்ணுடன், ஆதாரத்துடன். பதினொன்று. வியப்புக்கு அறிக்கையில் இடம் இல்லை. பக்கம் 5: "ஏற்கத்தக்கது." பிழை உண்டா என்று இரண்டு முறை பார்த்து, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

6, வெள்ளி
ஜும்மா முடிந்து ம. வந்தார். சட்டைப் பையில் கடிதம்.

"பதினோரு குத்தம்னு எழுதிட்டீங்க. நல்லதுங்க, சந்தேகம் தீந்துச்சு. வந்து கடையில உக்காருன்னு எழுதிட்டேன்."

"ஐந்தாவது பாட்டு..." என்றேன்.

"ஏத்துக்கலாம்னுதானே எழுதியிருக்கீங்க? ஏத்துக்கலாம்னு சொல்லி நான் ஒரு கயிறு வித்தா எவன் வாங்குவான்?"

போய்விட்டார். பத்து வருஷம் வெளியே இருந்த பிள்ளை. என் ஒரு சொல்.

மனைவி: "தப்பா எழுதிட்டா போய்த் திருத்துங்களேன். ஒங்க கோர்ட்டுல அப்பீலே கிடையாதா?"



7, சனி
கிராமபோனையும் தட்டுகளையும் நானே தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். இருபது அடி. நடுவில் இரண்டு முறை இறக்கி வைத்தேன். தையற்கடைக்காரர் சிரித்தார்: "என்னங்கய்யா, கச்சேரியா?"

ம.வின் கடை மேசையில் வைத்தேன். அட்டையை மறந்துவிட்டேன், பெட்டி ஆடியது. "நான் எழுதியது தவறு," என்றேன். இதைச் சொல்லத் தெரு முழுக்க ஒத்திகை.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு சுற்றினார். மூன்றாம் தட்டை வைத்து முடுக்கினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கித்தார் நின்றது.

ம. இருமினார்.

ஐந்தாம் பலகை. கயிறு சுற்றுவது நின்றுவிட்டது. பாட்டு முடிந்தும் அவர் திரும்பவில்லை. ஊசி மட்டும் கரகரவென்று ஓடியது. எடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

பிறகு வந்தார். ஆடும் பெட்டியைப் பார்த்தார். பையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்து, தேய்ந்த காலுக்கு அடியில் செருகினார். அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

"ஊசியை மாத்துங்க," என்றார்.