அக்காவின் துணிகளும் தண்ணீர் ஏறாத மெஷினும்

டிசம்பர் 7, 2020

வடக்கனந்தல் சின்னராசு ஆகிய நான் முழு சுயநினைவோடு உறுதி கூறுகிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

எங்கள் வாஷிங் மெஷின் இன்று போராட்டத்தில் குதித்துவிட்டது. துணியைப் போட்டு மூடியைச் சாத்திப் பட்டனை அழுத்தினேன். உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். அப்புறம் கல்வராயன் மலையே அதிரும்படி பீப், பீப். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஊரே இட ஒதுக்கீடு கேட்டுக் கிளம்பியிருக்கும் நேரம். "ஒனக்கு எத்தினி சதவீதம் வேணும், சொல்லு, மனு எழுதித் தரேன்" என்றேன். மறுபடியும் பீப்.

ஆண்டாள் அக்கா கட்டிலில் கிடந்தபடியே சிரித்தாள். ஆடியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வருகிறது. விரிப்பு, போர்வை, பாவாடை எல்லாம் தினமும் நனைந்துவிடும். அதற்காகத்தான் அவள் மகள் அபிநயா பெங்களூரிலிருந்து பணம் போட்டு இந்த மெஷினை வாங்கவைத்தாள்.

எல்லாவற்றையும் கையால் துவைத்தேன். கோமுகி அணையில் பாதி காலி. என் முதுகு முழுசாகவே காலி.

டிசம்பர் 8

கள்ளக்குறிச்சி மெக்கானிக் காசிநாதனுக்கு போன் போட்டேன். பின்னால் ஒரே கோஷம்.

"மாமா, எல்லாரும் மனு குடுக்கப் போய்க்கினு இருக்கோம். இந்த வாரம் வர முடியாது."

"உரிமைய வாங்கினு வாப்பா. வரும்போது அப்படியே ஸ்பேனரையும் எடுத்துகினு வா."

கோஷத்துக்கு நடுவிலேயே வைத்தியம் சொன்னான். "கொழாய் தொறந்துருக்கா? ஓஸ் மடிஞ்சிருக்கா பாருங்க. மெஷினுக்குப் பின்னால ஓஸ் சேர்ற எடத்துல சின்ன வலை இருக்கும். அத்தக் கழுவிப் போடுங்க."

குழாய் திறந்துதான் இருந்தது. ஓஸ் மடியவில்லை. வலையில் மட்டும், போன வாரப் புயல் மழையின் உபயத்தில், ஒரு ஏக்கர் செம்மண். நாற்று நட்டிருக்கலாம். பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன்.

பெருமூச்சு. பீப்.

டிசம்பர் 9

கையால்தான்.

டிசம்பர் 10

அபிநயா போன். "மெஷின் ஓடுதா மாமா?"

"ஓடுதாவா? நம்ம துணி முடிஞ்சு, தெருத் துணி முடிஞ்சு, சங்கராபுரத்துல இருந்து வண்டி வச்சிகினு வர்றாங்க."

சிரித்தாள். வேறென்ன சொல்ல? "முடியலன்னா சொல்லுங்க மாமா, அம்மாவுக்கு ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்கேன்" என்று போன மாதமே சொன்னவள். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அக்கா அங்கே யாரைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரிப்பாள்?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"போர்க்களத்துல வாங்கின காயம்க்கா" என்றேன். சிரிக்கவில்லை.

டிசம்பர் 12

அதிசயம். நேற்று ஒரே ஒரு விரிப்புதான் நனைந்தது. இன்று அதுவும் இல்லை! என் தவத்துக்கு யாரோ இறங்கி வந்திருக்கிறார்கள். உட்கார்ந்து டீ குடித்தேன். சூடாக.

டிசம்பர் 13

இன்றும் துணி கம்மி. கஞ்சி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அரை இட்லி தின்றாள். தூங்கிக்கொண்டே இருக்கிறாள். குளிருக்குத்தான். நானும் மதியம் தூங்கினேன். எத்தனை நாள் தூக்கம்!

டிசம்பர் 14

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள் — என்னை யாரென்று தெரியவில்லை அவளுக்கு. உதடு பாளம் பாளமாக வெடிச்சு, நாக்கு வறண்டு... பக்கத்து வீட்டு அம்சவள்ளி ஓடி வந்து புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

"இன்னாண்ணே இது, தண்ணி குடுத்தீங்களா இல்லியா?"

குடுத்தேனே! தலைமாட்டுல வச்சேனே! காலி டம்ளரத்தானே எடுத்தேன்!

அம்சவள்ளி கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "செவுரெல்லாம் ஈரமா கெடந்துச்சு. மழத்தண்ணின்னு நெனச்சிகினு இருந்தேன்."

நல்லா இருக்கிற அந்த ஒரு கையால் எல்லாத் தண்ணீரையும் ஜன்னல் வழியாக ஊற்றியிருக்கிறாள்.

படுக்கை காஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட்டேனே. டீ குடிச்சேனே.

ரோடு முழுக்கப் போராட்டக் கூட்டம். ஆட்டோவுக்குள் அக்காவைப் பார்த்ததும் கோஷத்தை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்போது குளுக்கோஸ் ஏறுகிறது.

டிசம்பர் 15

"ராசு" என்றாள். என்னைத் தெரிகிறது.

மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குனிந்தேன். "ஏங்க்கா இப்படிப் பண்ண?"

வாய் குழறியது. புரிய நேரமாயிற்று.

"நீ... எத்தினிதான்டா... தொவைப்ப."

வாய் நிறைய அளக்கிறவன் நான். மாஸ்க்கை ஏற்றி வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். காசிநாதனும் வந்தான். மெஷின் பக்கம் போகாமல் ஓஸைக் குழாயிலிருந்து கழற்றினான். உள்ளே விரலை விட்டு ஏதோ உருண்டையை இழுத்தான். செம்மண் ஏறி எள்ளுருண்டை மாதிரி இருந்தது.

"இன்னா மாமா இது?"

என் பழைய வேட்டிக் கிழிசல். ஊரில் எல்லாரும் கட்டுவது போல, கலங்கல் வடியட்டும் என்று மழையன்று குழாய் வாயில் நான் கட்டியதுதான். அதன்மேலேயே ஓஸை வைத்து முறுக்கியிருக்கிறேன். துணி உள்ளே போய் அடைத்துக்கொண்டது.

"கொழாய்க்குப் பாதுகாப்பு போட்டீங்களாக்கும்" என்றான்.

மெஷினுக்குள் தண்ணீர் சோவென்று விழுந்தது. அக்கா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். டம்ளரை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அபிநயாவுக்கு போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். அழுதாள். ஹோம் பேச்சை எடுக்கவில்லை. "நீங்க ஒருத்தரே எப்படி மாமா பாப்பீங்க?" என்று பகலில் அம்சவள்ளியைத் துணைக்கு வரச் சொன்னாள்.

டிசம்பர் 18

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தண்ணி குடிக்கிற வரைக்கும் மறியல். போலீசு வந்தாலும் எழ மாட்டேன்."

"போடா" என்றாள்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசியில் அளக்காமல் சொன்னேன்: "கஷ்டமாத்தான்க்கா இருக்கு. இல்லன்னு சொன்னா பொய்யி. ஆனா நீ காஞ்சு கெடந்தியே, அத்த என்னால தாங்க முடியல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு நல்ல கையை டம்ளருக்கு நீட்டினாள். பாதி மேலே சிந்தியது. பாதி உள்ளே போயிற்று. இன்னொன்றும் ஊற்றிக் கொடுத்தேன்.

டிசம்பர் 19

காலையில் விரிப்பு, போர்வை, பாவாடை, தலையணை எல்லாம் வெள்ளக்காடு. கட்டிலுக்கடியில் கெண்டை மீன் துள்ளியது. பரிசல் போட்டுத்தான் அக்காவைக் கரைசேர்த்தேன். அம்சவள்ளி அக்கரையில் நின்று கையசைத்தாள்.

விரிப்பு நனைந்திருந்தது மட்டும் நிஜம்.