மணி அடித்த சபை

ஜனவரி 9

அதிகாரக் கோல் சுவரில் தொங்குகிறது. நான் அதன் கீழே நாற்காலியில். இனி வருடம் முழுக்க இப்படித்தான்.

நவம்பரில் ஊர் கூடிய சபையில் அடுத்த தலைவி என்று என் பெயரைச் சொன்னபோது நான் ஊரிலேயே இல்லை. மலைக்குக் கீழே வஹாகா நகரத்தில், என் ரொட்டிக் கடையில், அடுப்புக்காரன் சிரிலோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுக்க முடியாது. மறுத்தால் இங்கே அம்மாவை ஊர்த் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், கல்லறையில் இடமும் கிடையாது. கடையை என் கணவர் அபுந்தியோவிடம் விட்டு வந்திருக்கிறேன். "ஒரு வருஷம்தானே, ஓடிடும்" என்றார். அவருக்கென்ன, மெத்தையில் படுக்கிறார்.

வேலையாட்களைக் கூப்பிடும் பித்தளை மணியைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன். இந்தக் கூட்டத்துக்கு அது வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 2

கோயில் தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் வாளியோடு ஊற்றுத் தெரு வரை நடக்கிறார்கள். மழை மே கடைசியில்தான். மலையில் ஊற்று இருக்கிறது, ஒரு குழாய் போட்டால் தீர்ந்தது. இத்தனை வருடம் என்ன செய்தார்கள்? பேசியிருப்பார்கள்.

பிப்ரவரி 15

என் முதல் சபை. குழாய் போடலாமா என்று கேட்டு முடிக்கவில்லை, கூடம் முழுக்க முணுமுணுப்பு. பக்கத்தில் இருப்பவரோடு, பின்னால் இருப்பவரோடு, எல்லோரும் ஒரே நேரத்தில். பழைய தலைவர்கள் அது தானாக அடங்கும்வரை சிகரெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மணியை அடித்தேன்.

"கை தூக்குங்க. வேணும்கிறவங்க? வேணாம்கிறவங்க?"

கோயில் தெரு மொத்தமும் வேண்டும் என்றது. ஊற்றுத் தெருவிலிருந்து வேண்டாம் என்று ஒரு கைகூட எழவில்லை. என் கோப்பையில் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். எழுத்தர் எலோயினா மட்டும், "கொஞ்சம் பேச விட்டிருக்கலாம் தலைவியம்மா" என்றாள். பேசி என்ன கண்டார்கள்?

மார்ச் 8

குழாய் பதிக்க ஊர் வேலை, வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வர வேண்டும். ஊற்றுத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. தெக்லாகூட வரவில்லை. அவள் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் நான், அந்த உறவில் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. திரும்பும் வழியில் பிடித்தேன்.

"என்ன கொமாத்ரே, மண்வெட்டி தொலைஞ்சு போச்சா?"

"இடுப்பு வலி, கொமாத்ரே."

முதுகில் ஆளுயர விறகுக்கட்டு! இடுப்பு வலியாம்.

வராத வீடுகளுக்கெல்லாம் அபராதம் போட்டேன்.

ஏப்ரல் 3

குழாயை வெட்டிவிட்டார்கள். கோயில் தெருவுக்குத் தண்ணீர் போய் ஒரு வாரம் ஆகவில்லை. யார் என்று யாருக்கும் தெரியாதாம். கோழி முட்டை போட்டால் தெரிந்துவிடுகிற ஊரில்!

போயிடணும். பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடணும். போனா? அம்மாவை என்ன பண்றது? அவ வரமாட்டா. இங்க பொறந்தேன்னு ஒரு தப்புக்கு —

ஏப்ரல் 12

சிறையில் இருந்து எழுதுகிறேன். குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களை அடைக்கும் அறை, என் அலுவலகத்துக்கு நேர் கீழே. இதன் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

காலையில் சபை. குழாயை வெட்டிய தெருவைத் தண்டிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். முணுமுணுத்தார்கள். மணி அடித்தேன். மறுபடி முணுமுணுத்தார்கள், மறுபடி அடித்தேன். ஒருவர் எழுந்தார். அவர் கோயில் தெருக்காரர்! நான் யாருக்காக இத்தனை பாடுபட்டேனோ அந்தத் தெரு!

"தலைவியம்மா ஒரு நாள் உள்ள இருக்கட்டும். அதுக்குள்ள நாங்க பேசிக்கிறோம்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். தலைவர்களை ஊர் உள்ளே வைப்பது இங்கே வழக்கம்தான். ஆனால் நான் திருடினேனா? என் காவலாள் ஃபிதென்சியோதான் பூட்டினான். "மன்னிச்சுக்குங்க. குனிஞ்சு போங்க, நிலை இடிக்கும்." அப்போதுதான் அழுகை வந்தது.

மதியம்.

கம்பிக் கதவு கூடத்தைப் பார்த்து இருக்கிறது. மணி அங்கே மேசைமேல். எட்டாது. வேறு வேலையும் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு குரல்கள் பிரிந்தன. "துவைக்கிற கல்லு காஞ்சு கிடக்கு." "பச்சப் புள்ள துணிய எங்க அலசறது?" கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு கோயில் தெருப் பெண்கள் பக்கம் போயிருந்தது. "அய்யோ, எங்களுக்குத் தெரியாதே. நீங்க சொல்லவே இல்லியே."

"எப்படிச் சொல்றது? கொமாத்ரே முகத்துக்கு நேரா வேணாம்னு கை தூக்கவா?"

அது தெக்லா.

என் குழாய் ஊற்றின் வாயிலேயே தண்ணீரை எடுத்துவிட்டது. அவர்கள் துவைக்கும் கற்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஊரில் உறவுக்காரிக்கு எதிராக யாரும் கை தூக்கமாட்டார்கள். முணுமுணுப்பில்தான் சொல்வார்கள், அது கூடம் சுற்றிப் போய்ச் சேரும். எனக்குத் தெரியாததா? இங்கே பிறந்தவள்தானே நான்?

சாயங்காலம் தெக்லா கம்பி வழியாகச் சோள மாவில் அவித்த தமால் ஒன்றை நீட்டினாள், வாழை இலையில் சுடச்சுட.

"நீதான் வெட்டினியா?"

"சாப்பிடு கொமாத்ரே. ஆறிடும்."

ஏப்ரல் 13

விட்டுவிட்டார்கள். யாரோடும் பேசவில்லை. இன்னும் கோபம்தான்.

ஏப்ரல் 19

சபை. கேள்வியை மட்டும் சொன்னேன். ஊற்று ஒன்று, தெரு இரண்டு, என்ன செய்யலாம்? சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முணுமுணுப்பு எழுந்தது. என் கை மணிக்குப் போனது. அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். என்னிடம் விடை தயாராக இருந்தது: பகலில் கற்களுக்கு, இரவில் குழாய்க்கு. நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்தாள். ஒருவர் குறட்டையே விட்டார். சிறையே மேல் என்று தோன்றியது, அங்கே வாயை மூடியிருப்பது சுலபம்.

அடங்கியபோது ஊற்றுத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "துவைக்கிற கல்ல ரெண்டு தெருவுக்கும் நடுவுல போட்டுடுவோம். குழாய் அங்க வரட்டும். அங்கேருந்து பிரிச்சுக்கலாம்."

என் விடையைவிட நல்ல விடை. எரிச்சலாக இருந்தது.

மே 17

இரண்டு தெருக்காரர்களும் வேலைக்கு வந்தார்கள். தெக்லா இடுப்பு வலியோடு கல் சுமந்தாள். இன்று மதியம் கோயில் தெருவில் தண்ணீர், மழைக்கு முன்னால். அபராதங்களை ரத்து செய்தேன்.

ஆகஸ்ட் 21

விடாத மழை. மலைப்பாதை சரிந்து பேருந்து இல்லை. அபுந்தியோ தொலைபேசியில் கூப்பிட்டார். சிரிலோ வேலையை விட்டுப் போய்விட்டானாம்.

"எதுக்கு?"

"சொல்லலியே."

"நீங்க கேட்டீங்களா?"

"நீ இருந்தப்ப கேட்டியா?"

வைத்துவிட்டார். இறங்கிப் போகவும் வழியில்லை.

டிசம்பர் 31

கோலைப் புதியவரிடம் கொடுத்தேன். உள்ளங்கை வெறுமையாக இருக்கிறது. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஜனவரி 6

வஹாகா. கடை அப்படியேதான் இருக்கிறது.

"மணி எங்க?" என்றார் அபுந்தியோ.

"தெக்லா ஆட்டுக் கழுத்துல."

மதியம் சிரிலோவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்துவான் என்று நினைத்தேன், உட்காரச் சொன்னான். ஏன் போனாய் என்று மட்டும் கேட்டேன். அவன் ஆரம்பித்தான், அவன் மனைவி சேர்ந்துகொண்டாள், அடுப்படியிலிருந்து மாமியாரும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு வைத்த காபி ஆறிப்போனது. அவன் மனைவி அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள், அதுவும் ஆறியது.